சென்சாருக்கு நல்ல காற்று

சாணார்பட்டி பஸ்ஸுக்குப் பின்னால் கஸ்பார் தன் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு போனார். பஸ்ஸின் கடைசி சீட்டில், கண்ணாடிக்கு முதுகு காட்டி, அவர் மனைவி அமலராணி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே கல்யாணத்துக்குத்தான் போகிறார்கள். பஸ் நின்றால் காரும் நிற்கும், கிளம்பினால் கிளம்பும். பார்க்கிறவர்கள் துப்பறிகிற ஆள் என்றுகூட நினைத்திருக்கலாம். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரான கஸ்பாருக்கு அது அரைத்தூக்கத்தில் வருகிற கனவு போலத்தான் இருந்தது. வெயில் ஏறாத காலை, இரண்டு பக்கமும் மாந்தோப்பு, கூடவே வருகிற நீலச் சிறுமலை, கண்ணாடிக்கு அப்பால் அவள் கொண்டையில் கனகாம்பரம். தன் பக்கத்துச் சீட்டு காலியாக இருப்பதைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கனவு கலைந்தது.

அமலராணிக்கு வீசிங் உண்டு. காரோ கார்புரேட்டர் காலத்துக் கார். பெட்ரோலை அளவில்லாமல் குடித்துவிட்டுக் கரும்புகையாகக் கக்கும். பார்க்கிற மெக்கானிக் எல்லாம் ஒரு திருகைத் திருகிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு சார்" என்பார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும்.

"பஸ்ஸு மட்டும் பன்னீரா தெளிக்குது?" என்று கல்யாணப் பந்தியில் கஸ்பார் கேட்டார்.

"பஸ்ஸு புகைய விட்டுட்டுப் போயிருது. நம்ம கார்ல அதுவும் நம்மளோட ஒக்காந்துல்ல வருது. இந்த ஒரு தடவ சரி பண்ணிப் பாருங்க. சரிப்படலைன்னா வித்துருவோம்." இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எனக்கும் ஒங்க பக்கத்துல ஒக்காந்து வர ஆசையில்லையா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவருக்குப் பாயசம் இறங்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பக்ருதீன் கடைக்குப் போனார்கள். காரைத் தாங்களே ட்யூன் செய்கிற பையன்களுக்குச் சாமான் விற்கிறவர். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கிட் என்று இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். சைலன்சர் குழாயில் சென்சாரைப் பொருத்திவிட்டால், எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று எரிகிறது என்று முன்னால் இருக்கிற மீட்டர் சொல்லிவிடும். எண் பதினாலை ஒட்டி இருந்தால் நல்லது. குறையக் குறையப் புகை.

"இது ஃபேக்டரியிலயே செட் பண்ணி வருது சார். மாட்டுனா முடிஞ்சுச்சு. புதுசாப் பழகுறவங்களுக்கு இதான் லேசு. இன்னொன்னு அப்புடியில்ல. மாட்டுறதுக்கு முந்தி நல்ல காத்துல தொங்கவிட்டு, இதான் காத்துன்னு அதுக்குக் காட்டிக் குடுக்கணும்."

கஸ்பார் லேசானதன் பக்கம் கை நீட்டினார். அமலராணி மற்ற பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல காத்து எதுன்னு தெரிஞ்சாத்தானங்க கெட்டதச் சொல்ல முடியும்? எனக்கு இதான் நம்பிக்கையா இருக்கு."

பக்ருதீன் சிரித்தார். "அக்கா சொன்னா சரிதான். காத்து சுத்தமா இருக்கணும் சார், அத மட்டும் மறந்துறாதீங்க."

வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபிக்காமல் கஸ்பார் தொடமாட்டார். சென்சாரையும் அப்படித்தான் வைத்தார். மெழுகுவர்த்தி கொளுத்தி, கண் கரிக்கும்வரை சாம்பிராணி போட்டார். மனசு நிறைந்திருந்த அந்த நேரத்திலேயே பேட்டரி வயரைக் கொடுத்து, காற்றையும் காட்டி முடித்துவிட்டார். மீட்டரில் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கியது. சென்சாரைச் சைலன்சர் குழாயில் மாட்டி, அந்த மீட்டரை நம்பித்தான் திருகைத் திருகினார். புகை முன்னைவிட மோசமானது. பக்கத்தில் வந்து நின்ற அமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். "நாந்தான் பெட்டியத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன், கார வித்துருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பக்ருதீனுக்குப் போன் போட்டார். "எங்க வச்சுக் காத்துக் காட்டுனீங்க?" என்று அவர் கேட்ட மாத்திரத்தில் கஸ்பாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமலராணியிடம் போய்ச் சொன்னார். இருமலுக்கு நடுவில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பவும் சாம்பிராணிதானங்க போட்டீங்க! பாவம், அந்தச் சென்சாரு என்ன பாடுபட்டுச்சோ."

மறுநாள் விடிந்தும் விடியாமல், சாணார்பட்டிக்கு முந்தின நிறுத்தத்தில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கடலைக்காட்டு ஓரம் கார் நின்றது. கடலை பிடுங்கிய நிலம் பனியில் நனைந்து மலையடிவாரம் வரைக்கும் கிடந்தது. எங்கேயும் ஓர் அடுப்புகூடப் புகையவில்லை. வேப்பங்கிளையில் சென்சாரைத் தொங்கவிட்டுவிட்டு இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். பேட்டரி வயரில் சூடேறிய சென்சார் லேசாக ஆடியது. அவளும் ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அப்படியே இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"காட்டியாச்சா?"

"காட்டியாச்சு."

சென்சாரைக் குழாயில் முடுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, திருகுக்கும் மீட்டருக்குமாக அவர் ஓடி ஓடிப் பார்த்தார். எண் பதினொன்றிலிருந்து மெல்ல ஏறியது. பதிமூன்று தாண்டிப் பதினாலில் போய்த் தயங்கி நின்றதும் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்த்தார். அமலராணியைக் காணோம்.

கண்ணாடியில் தெரிந்தாள். காருக்குப் பின்னால் போய், குழம்பின் வாசத்திலேயே உப்புப் பார்க்கிறவள் போல, கண்ணை மூடிப் புகைக்குழாயை நோக்கி மெதுவாகக் குனிந்துகொண்டிருந்தாள். கஸ்பார் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.