இடத்துக்கு ஒரு ஆள்

பலவேசம் போர்மேனின் மண்டையைப் பொன்னுத்தங்கம் வாளியால் உடைத்தது ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. அதுவரைக்கும் அவள் யார் மேலும் கை வைத்தவள் இல்லை. வாய் மட்டும்தான் நீளம்.

அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பதினாலு வருஷமாக மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. கையால் அள்ளிப் போட்டாலும் தராசில் வைத்தது மாதிரி இருக்கும். பெரிய ஆர்டர் வந்தால் முதலாளியே அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஆனால் போன சீசனில் மூன்று அறை தள்ளி வெடித்துச் சிதறியதைப் பார்த்த பிறகு வேறு வேலை தேட ஆரம்பித்தாள். எத்தனை நாள் தப்பிக்க முடியும்?

சிவகாசியில் ஒரு அச்சாபீஸில், காலண்டரின் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கிற வேலைக்கு ஒரே ஒரு ஆள் கேட்டார்கள். போய்ப் பார்த்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். கை வேலை செய்யும், மூளை தூங்கலாம். ஆனால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது, பதினோரு மணிக்கு டீ வந்தது, சாயங்காலம் எல்லோரும் முழு உடம்போடு வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேலையை விட்டு நிற்கப் போவதாகச் சொன்னதும் பலவேசம் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"சீசன் நேரத்துல போறேன்னா எப்பிடித்தா? ஒன் எடத்துக்கு ஒரு ஆளக் குடுத்துட்டுப் போ. இல்லன்னா அச்சாபீஸுக்கு ஒரு போன் போடுவேன். அவுகளும் நம்ம மொதலாளிக்குச் சொந்தக்காரகதான்."

அந்தக் கம்பெனியில் அதுதான் வழக்கம். முன்பு அந்த இடத்தில் இருந்த கருப்பம்மாள் வேலையை விட்டு நின்றபோது கொடுத்துவிட்டுப் போன ஆள்தான் பொன்னுத்தங்கமே.

யாரைக் கொடுப்பது என்று அவள் தேடவே வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் பாண்டிலட்சுமி தானாகவே வந்து நின்றாள். புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான், வீட்டில் இரண்டு பிள்ளைகள். "மதினி, ஒங்க எடத்துல என்னைய விட்டுருங்க" என்றாள். பொன்னுத்தங்கம் சரி என்றாள். தான் தப்பித்தால் போதும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை வேனில் கூட்டிவந்து, அறை வாசலில் பதித்திருந்த தாமிரத் தகட்டில் பாண்டிலட்சுமியின் கையை வைத்து அழுத்தினாள். "இதத் தொட்டுட்டுத்தான் உள்ள வரணும். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கிரும். எதையும் இழுக்காத, தூக்கி வை." அறைக்கு நாலு பேர் என்று சுவரில் எழுதியிருந்தது. இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே ஏழு பேர் உட்கார்ந்தார்கள்.

அடுத்த அறை வெடித்தபோது சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. அந்த அறையின் கூரை பிய்ந்து போனது. ஏழு பேரும் ஒரே வாசலில் போய் முட்டினார்கள். கீழே விழுந்த பாண்டிலட்சுமியை மற்றவர்கள் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். பொன்னுத்தங்கம் குறுக்கே நின்றவளைக் கடித்தாள், இன்னொருத்தியை எட்டி உதைத்தாள், பாண்டிலட்சுமியின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். எதிரே, அடுத்த அறையில் வேலை செய்த சின்னச்சாமி சட்டையில் தீயோடு ஓடிவந்தார். அவருடைய வலது கையில் தோல் உரிந்து தொங்கியது.

பலவேசம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரூமுக்கு நாலு பேரு நில்லுங்க! மத்தவுக கருவேலங்காட்டுக்குள்ள ஓடுங்க! அதிகாரி வந்தா கணக்குச் சரியா இருக்கணும்!"

பாண்டிலட்சுமி எழுந்திருக்க முடியாமல் அலறினாள். பலவேசம் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "வாய மூடிட்டு ஓடுடி!" மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்தது.

பொன்னுத்தங்கம் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரில் தொங்கிய சிவப்பு வாளியை எடுத்து அவர் மண்டையில் இறக்கினாள். விழுந்தவரை இன்னொரு தடவையும் அடித்தாள். தீயணைக்க மணல் இருக்க வேண்டிய வாளி அது, காலியாகக் கிடந்தது. அதனால்தான் அந்த மனுஷன் பிழைத்தார்.

உயிர்ச்சேதம் இல்லை என்பதால் கம்பெனி விஷயத்தை அமுக்கிவிட்டது. சின்னச்சாமிக்குக் கை போனது. ஏழு தையல் போட்டுக்கொண்ட பலவேசம், தலையில் ஓடு விழுந்ததாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் அறையில் ஏழு பேரை உட்காரவைத்த கதையும் சேர்ந்து வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை, வீங்கிய முகத்தோடு பாண்டிலட்சுமி வந்து கேட்டாள். "மதினி, நாளைக்கு வேனு எத்தன மணிக்கு வரும்?"

பொன்னுத்தங்கம் அவளுடைய மறு கன்னத்தில் அறைந்தாள். அவள் அழவில்லை.

"அடிங்க. அடிச்சிட்டு எம்புள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுங்க. அச்சாபீஸுல ஒரு ஆளுதான எடுக்காக?"

பொன்னுத்தங்கம் ஆத்திரத்தில் தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தாள். குடம் நெளிந்தது, கால் வீங்கியது.

திங்கட்கிழமை காலையில் பாண்டிலட்சுமியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அச்சாபீஸுக்குப் போனாள். "எனக்குப் பதிலா இவ" என்று மேனேஜர் சங்கரலிங்கத்திடம் சொன்னாள். அவர் ஒத்துக்கொண்டார். அந்த ஃபேனுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அச்சங்குளத்துக்குப் பஸ் பிடித்தாள்.

அவளைக் கண்டதும் தலையில் கட்டோடு நின்ற பலவேசம் இரண்டு எட்டுப் பின்னால் போனார். "நீ... போகலையா? நீ குடுத்த ஆளு எங்க?"

அவள் அந்த வாளியை எடுத்து, வாசலில் கிடந்த மணலை அள்ளி அள்ளி நிரப்பினாள்.

"எம் எடத்துக்கு ஆளு கேட்டீகல்ல? நான்தான் ஆளு. இன்னமே இந்த ரூமுல நாலு பேருதான். அஞ்சாவதா ஒருத்திய உள்ள விட்டீகன்னா, வாளி இப்ப கனமா இருக்கு, பாத்துக்கிடுங்க."

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். பலவேசம் ஒதுங்கி வழி விட்டார்.

தாமிரத் தகட்டில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.