அப்பாசாமி வீட்டு இரும்பு

1955ஆம் வருஷம் தை மாதத்தில், மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற ஊரில் ரோட்டு வேலை செய்த அப்பாசாமியின் சின்ன மகள் சீதா வலிப்புத் தெளிந்து கையை விரித்தபோது, அதில் வைத்திருந்த வீட்டுச் சாவி கீழே விழாமல் மேலே போய்க் கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அப்போது வயது பதினாலு. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதனால் தாய் பூங்காவனம் அடுத்த முறை பூட்டைக் கொடுத்தாள், அதற்கடுத்த முறை இரும்புக் கரண்டியை. எல்லாம் மேலே போயின. ஏணி வைத்து இழுத்தும் வரவில்லை. ஒரு வருஷத்தில் அப்பாசாமியின் கடப்பாரையும் போனது. வேலையிடத்தில் கங்காணி கேட்டதற்கு, வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்புக் காமாட்சிக்குத் தமிழ் வராது, அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய்தான். அவசரத்துக்குக் கொடுத்த தன் தேங்காய்த் துருவியை அண்ணாந்து பார்த்து, "தா அப்பா லா, நந்தி தூருன்," என்றாள். பரவாயில்லை, பிறகு இறங்கும் என்று அர்த்தம். இறங்கவில்லை.

வலிப்பு வந்தால் மூன்று பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். அம்மா தலையை மடியில் ஏந்துவாள், அக்கா சாரதாம்பாள் பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடிப்பாள், அப்பா இரும்பு தேடுவார். மற்றபடி பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், கிணற்றுப் பக்கம் விடவில்லை, அடுப்புப் பக்கம் விடவில்லை. அதையும் பாசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

1957 வைகாசியில் குருபோங்கிலிருந்து சாரதாம்பாளைப் பெண் பார்க்க வந்தார்கள். வலிப்பு இருக்கிற வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. கூரை இரும்பை மறைத்து வெள்ளை வேட்டி கட்டினார்கள். சீதாவைப் பின்னறையில் உட்காரவைத்து, வந்தவர்கள் எதிரில் எதுவும் பறந்து மானம் போகக் கூடாது என்று, அங்கிருந்த இரும்பையெல்லாம் ஆணிவரை பொறுக்கி வெளியே எடுத்தார்கள்.

"வந்தா சத்தம் போடாத, கண்ணு," என்றாள் பூங்காவனம்.

"அது என்னைக் கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் சீதா.

பலகாரத் தட்டு வந்தபோது பின்னறைப் பலகையில் குதிகால் அடிக்கிற சத்தம் கேட்டது. என்ன அது என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். "கோழிங்க," என்றார் அப்பாசாமி. சாரதாம்பாள் எழப் பார்த்தாள். தாய் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பெரிய கோழிதான் போல," என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் நின்றது. சம்மதம் சொல்லி அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு கதவைத் திறந்தார்கள். பாயில் யாருமில்லை. பிடிக்க இரும்பு இல்லாததால் சீதா தானே மேலே போயிருந்தாள். முதுகு தகரத்தில் பட, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"இறங்கி வாம்மா," என்றார் அப்பாசாமி.

"வேணாம்பா. இங்க விழறதுக்கு இடமில்ல."

கல்யாணம் நடந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். அப்பாசாமி தார்ப் பீப்பாய்களை அடுக்கிப் பலகை போட்டு, அவள் கை எட்டும் உயரத்தில் ஒரு பரண் கட்டினார். மேலேயும் வலிப்பு வந்தது, மாதம் இரண்டு மூன்று முறை. இரும்பு கொடுப்பதை விட்டுவிட்டார்கள். பூங்காவனம் பரணில் ஏறி நின்று தன் கையையே கொடுத்தாள். வருஷம் ஆக ஆக அவள் பாதம் பலகையில் அழுந்துவது குறைந்தது. அப்பாசாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1961இல் ஒரு நாள் மத்தியானம், பிடித்த கையை விடாமல் பூங்காவனமும் மேலே போனாள். அன்றிலிருந்து அப்பாசாமி வேலை முடிந்து வந்து, சோறாக்கி, இரண்டு தட்டாகப் பரணேறிக் கொடுக்கிறார்.