கறுப்பு வண்டியில் இட்ட முட்டைகள்

பிற்பகலில் காற்று அடங்கியதும் மக்குவாரி ஆற்று வளைவில் மே ஈக்கள் கிளம்பின. பெயர்தான் மே, தாஸ்மேனியாவில் அவை வருவது நவம்பர் வெயிலில். வருடம் முழுக்க ஆற்றடியில் கிடந்து, சிறகு முளைத்தபின் உண்ண வாய்கூட இல்லாமல் ஓரிரு நாளே வாழும் உயிர். அது முட்டையிட நீரில் இறங்கினால் டிரவுட் மீன் மேலே வரும். தூண்டில்காரர்களுக்கு அதுதான் திருவிழா.

தூண்டிலை வீசப்போன மெர்ல் பைபஸ் அப்படியே நின்றுவிட்டாள். ஈக்கள் ஆற்றுக்கு வரவில்லை. நீரை ஒட்டி நிறுத்தியிருந்த புத்தம்புதுக் கறுப்பு வண்டியின் பளபளப்பைத் தண்ணீர் என்று நம்பி, அந்தச் சுடுதகரத்தில் முட்டையிட்டு மடிந்துகொண்டிருந்தன. இந்த முட்டைகள் போனால் அடுத்த வருடம் இந்த வளைவில் ஈ ஏது, மீன் ஏது?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரோட வண்டி இது?"

"என்னோடதுதான்," என்றான், முழங்கால் நீரில் நின்ற லாக்லன். ஹோபார்ட்டிலிருந்து வந்தவன். "ஏங்கக்கா, கண்ணு கூசுதா?"

"மேட்டுல இருக்கிற கொட்டகைகிட்ட நிறுத்தினா என்ன? கால் தேஞ்சிடுமா?"

"ஈ கிளம்பினதும் ஓடிவர நேரம் வேணாமா?"

"அந்த ஈயைத்தான்யா கொன்னுட்டிருக்கே!"

"ஈக்கு வக்கீலா நீங்க? கோடிக்கணக்குல இருக்கு. கத்தாதீங்க, மீன் மிரளுது."

காலையில்தான் தேவாலயத்தில் மண்டியிட்டுப் பொறுமை கேட்டிருந்தாள். கேட்டது இன்னும் வந்து சேரவில்லை. தன் காரிலிருந்த கம்பளியை இழுத்து வந்து அவன் வண்டிமேல் விரித்தாள்.

"ஐயோ, பெயின்ட்!" அவன் கரையேறி ஓடிவந்தான்.

"பெயின்ட்டா? இங்க பாரு!"

கம்பளியின் நுனியைத் தூக்கினாள். வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல்கள் வெந்து காய்ந்திருந்தன. ஒரு ஈ மட்டும் தகரத்தில் வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தது. மெர்ல் அதை ஈரவிரலில் ஏந்திப் போய் நீரில் விட்டாள். முட்டைகள் பிரிந்து நீரில் இறங்கின. அதன்பிறகுதான் ஒரு டிரவுட் எழும்பி ஈயை விழுங்கியது.

"அது ஆத்தோட நியாயம்," என்றாள். "நீ பண்றது அநியாயம்."

பளபளப்பைக் கம்பளி மறைத்ததும் மற்ற ஈக்கள் ஆற்றுக்குத் திரும்பியிருந்தன. சுற்றிலும் மீன்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வருடம் முழுக்கக் காத்திருந்த வேளை. இருந்தும் லாக்லன் தூண்டிலைப் புல்லில் வைத்துவிட்டு வண்டியைக் கொட்டகைக்கு ஓட்டிப்போனான்.

அவன் மூச்சிரைக்க நடந்து திரும்புவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. மெர்லுக்குக் கோபம் தீரவில்லை, முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் மீன் அதிகம் எழும்பிய தன் இடத்தை விட்டு விலகி நின்றாள்.

"இங்க வந்து வீசு. பாத்து, பாறை வழுக்கும்."