இடக்கை பின்னிய கடல்

கீழ்வானில் செம்மை மெல்லப் படர, கழுவிய பேருந்துகளின் கண்ணாடிகளில் நீர் வழிந்தொழுக, கடற்கரைக்குச் செல்லும் முதல் வண்டிக்காகக் குடும்பங்கள் பையும் குடையும் பாதித் தூக்கமுமாய் வரிசையில் நின்றிருக்க, ஓர் ஊர்ப் பேருந்துப் பணிமனை விழித்துக்கொண்டிருந்த வைகறையில், அன்பு மிக்க வாசகரே, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவரைக் காணுங்கள். அடர்ந்த மீசையும் அகன்ற தோளும் உடைய அவர், மடியில் நீலக் கம்பளி நூலுருண்டையை வைத்துக்கொண்டு, இடக்கையில் பிடித்த கொக்கி ஊசியால் போர்வை பின்னிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வண்டிக்கு ஸ்வெட்டரா?" என்று கேட்டுச் சிரித்தார் நடத்துநர்.

"ஆமா, உனக்கும் ஒரு குல்லா போடுறேன். இப்பப் பேசாத, எண்ணிக்கை தப்பிடும்" என்றார் ஓட்டுநர்.

நாள்தோறும் இருமுறை ஊராரைக் கடலுக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்த அவர், தம் எட்டு வயது மகளை ஒருமுறையும் அழைத்துச் சென்றதில்லை. பள்ளிக்கு நீண்ட விடுமுறை விடும் நாள்களில்தான் கூட்டம் அலைமோதும். அந்நாள்களில் ஓட்டுநருக்கு விடுப்பில்லை, வண்டியில் வீட்டாருக்கு இடமும் மிஞ்சாது. இவ்வாண்டும் மறுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் சிறுமி தந்தையோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். "அம்மா, சாப்பாடு ஆறுதுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்று, எதிரில் அமர்ந்திருப்பவருக்கே தூது விடுவாள். அவள் வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டிய விடுமுறைப் படத்தில் வீடு இருந்தது, கடல் இருந்தது, வலப்புறம் நோக்கிச் செல்லும் படகும் இருந்தது. படகில் தாயும் மகளும் மட்டுமே இருந்தனர். அதைக் கண்ட நாளில் அம்மனிதர் சோற்றுத் தட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

மகளைக் கடலுக்குக் கொண்டுசெல்ல இயலாவிடில், அவள் வரைந்த கடலையேனும் அவள் கட்டிலுக்குக் கொண்டுவருவது என உறுதி பூண்டார். நேர் வரிசையில் குல்லாய் பின்ன மட்டுமே அறிந்திருந்த அவருக்கு, ஒரு மூலையில் தொடங்கிச் சிறு சிறு கட்டங்களாய்ச் சாய்வாக வளர்ந்து, நடுவை எட்டியபின் குறைந்து, எதிர்மூலையில் முடியும் புதுப் பின்னலை மனைவி கற்பித்தார். அவர் வலக்கையர், இவரோ இடக்கையர். ஆகவே எதிரெதிரே அமர்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் கைக்குக் கை பார்த்துக் கற்றார். மகளின் படத்தைக் கட்டத்தாளில் பெயர்த்துக் கொடுத்தவரும் மனைவியே.

எளிதில் வசப்பட்டதென்று எண்ணற்க. குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்க மறந்தமையால் போர்வை ஒருபக்கம் வால் முளைத்து நீண்டது, பிரித்தார். நிறம் மாற்றும்போது நூல்கள் பின்னிச் சிக்கின, பிரித்தார். மலைப்பாதையில் நாற்பது உயிரைச் சுமந்து நடுங்காத கை, ஒரு கட்டத்தின் முன்னே வியர்த்தது. எனினும் விடவில்லை. படகில் தம்மையும் சேர்த்துக்கொள்ள ஒரு கட்டம் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் சேர்க்கவில்லை. மகள் வரைந்ததை வரைந்தவாறே பின்னினார். அந்நேர்மைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விடுமுறைக்கு முந்திய நாள் மாலை, மகள் வெளியே விளையாடிக்கொண்டிருக்க, முடிந்த போர்வையைக் கட்டிலில் விரித்தனர். மனைவி பதறினார்.

"ஐயோ, எல்லாம் இடவலம் மாறிப் போச்சே! நான் வலப்பக்க மூலையில தொடங்கினா, உங்க கை இடப்பக்க மூலையிலதான தொடங்கும். எனக்கும் தோணலையே."

கட்டங்களை எண்ணியவர் படத்தைப் பார்க்கவில்லை. படகு இடப்புறம் நோக்கிச் சென்றது.

"திருப்பிப் போட்டா சரியா வந்திடும்" என்றார் மனைவி.

"பின்னாடி பூரா முடிச்சு. குழந்தைக்கு உறுத்தும். வேணாம்" என்று ஓட்டுநர் கட்டில் விளிம்பில் தளர்ந்து அமர்ந்தார்.

அவ்வேளை மகள் உள்ளே வந்தாள். போர்வையைக் கண்டாள், தன் படத்தைக் கண்டுகொண்டாள். தந்தையின் விரல்களில் ஊசி அழுத்திய தடிப்பையும் கண்டாள்.

"தப்பாப் பின்னிட்டேன்மா. படகு அந்தப் பக்கம் போகணும்" என்றார் தந்தை.

சிறுமி கட்டிலைச் சுற்றிவந்து ஆராய்ந்தாள். வலப்புறம் சுவர், இடப்புறம் கதவு.

"இல்லப்பா, இதான் சரி. அந்தப் பக்கம் போனா சுவத்துல இடிச்சிடும்" என்றாள். பதினெட்டு நாள்களுக்குப் பின் அவருக்கு நேரே சொன்ன முதற்சொல் அது. பிறகு படகின் மேல் விரல் வைத்து, "ஓட்டுறதுக்கு ஆளைக் காணோமே. நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டாள்.

அவர் எஞ்சியிருந்த பழுப்பு நூலைத் தையல் ஊசியில் கோத்து, மகள் காட்டிய இடத்தில், படகின் முனையில், ஒரு சிறு கட்டத்தைத் தம் இடக்கையால் தைக்கலானார். மறுநாள் வழக்கம்போல் ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் புறப்பட்டபோது, அவர் மகள் அப்போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். படகும் அவரோடு கதவை நோக்கிப் புறப்பட்டிருந்தது.