இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

முகிலன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதாரப் பட்டியலைப் பார்த்ததுமே, இது அவன் தேடி எடுத்தது இல்லை என்று ஜாஸ்மின் முடிவுகட்டிவிட்டாள். அவ்வளவு ஒழுங்கு. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் என்று ஒரு கமாகூட இடம் மாறவில்லை. தாம்பரத்தில் அந்தக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்து ஒன்றரை வருஷமாகியும், லைப்ரரி எந்த மாடியில் என்று கேட்டால் யோசிக்கிற ஆள் அவன். கீழ்க்கட்டளையில் தாத்தா காலத்து நிலமெல்லாம் கடைகளாகி வாடகை வருகிற வீடு. சாட்பாட்டைக் கேட்டு அப்படியே ஒட்டியிருப்பான் என்று நினைத்தாள்.

இருவரும் சேர்ந்து செய்யவேண்டிய பிராஜெக்ட் அது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றியது. தலைப்பை அவள்தான் பிடிவாதம் பிடித்து வாங்கினாள். அவள் அப்பா சின்னப்பன் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பல வருஷமாக கான்ட்ராக்டில்தான் இருக்கிறார். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் மறுபடி புது ஆளாகிவிடுவார்.

பட்டியலில் ஒரு கட்டுரை அவள் கண்ணை உறுத்தியது. தொண்ணூற்றெட்டில் ஒரு காலாண்டிதழில் வந்ததாம். அதை வைத்து முகிலன் ஒரு வாக்கியம் எழுதியிருந்தான்: 'இப்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நிரந்தர வேலையை விரும்புவதில்லை.'

யாரைக் கேட்டார்கள் என்று இருந்தது அவளுக்கு.

உதவி நூலகர் ஞானஜோதி வருஷ ஆரம்பத்தில், ஆதாரம் தேடுவது எப்படி என்று ஒரு வகுப்பு எடுத்திருந்தார். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பு. முதலில் கேட்டலாக், அடுத்து கம்ப்யூட்டரில் கட்டுரைத் தொகுப்புகள், அதிலும் இல்லையென்றால் பழைய இதழ்களை வருஷவாரியாகக் கட்டிவைத்திருக்கும் அடுக்கு. ஜாஸ்மின் அதே வரிசையில் போனாள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. இது மட்டும் அகப்படவில்லை.

கடைசியில் மேல்மாடிக்கு ஏறி அந்த வருஷத்துத் தொகுப்பைத் தூசி தட்டித் திறந்தாள். கட்டுரை 211ஆம் பக்கத்தில் தொடங்குவதாகப் பட்டியல் சொன்னது. அந்தப் பக்கத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய வேறொரு கட்டுரை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுப் பொருளடக்கத்திலும் அந்த ஆசிரியர் பெயர் இல்லை.

கீழே வந்து சொன்னபோது, ஞானஜோதி மற்ற நூலகங்களின் கேட்டலாக்கிலும் தேடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யார் குடுத்த லிஸ்ட் இது?"

"பிராஜெக்ட் பார்ட்னர், மேடம்."

"அவனை மாட்டிவிடப் பாக்கிறியா?"

"இல்ல மேடம். கட்டுரை இருக்கான்னு பாக்கிறேன்."

ஞானஜோதி நம்பியதாகத் தெரியவில்லை. ஜாஸ்மினுக்கே தன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலேஜ் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் முகிலனைப் பிடித்தாள். "சாட்பாட் குடுத்த லிஸ்ட்தானே அது? அந்த தொண்ணூத்தெட்டு கட்டுரை இல்லவே இல்ல. போய்ப் பாத்துட்டேன்."

அவன் டீயைக் கீழே வைத்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பின்னாடி போய் செக் பண்ணியிருக்க."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"ஏன் சொல்லமாட்டேன்? நம்ம கைடு பேப்பர்ல இருந்து எடுத்தேன்."

சும்மா சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் போனைத் திறந்து நீட்டினான். அவர்களுடைய கைடு குமரவேல் சார் இரண்டாயிரத்துப் பதினான்கில் எழுதிய கட்டுரை. அதில் அதே ஆதாரம், அதே பக்க எண். வாக்கியம்கூட ஏறக்குறைய அதேதான். அந்த வருஷத்தில் கேட்டதும் கட்டுரை இட்டுக்கட்டித் தருகிற சாட்பாட் ஏது?

"இப்ப சாரி சொல்லு" என்றான்.

"நீயும் படிக்காமத்தானே போட்ட?"

"சார் படிச்சிருப்பாருன்னு நினைச்சேன்."

அன்று முகிலனும் லைப்ரரிக்கு வந்தான். ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடவும் வழி உண்டு. தேடினார்கள். சாருக்குப் பிறகு நிறையப் பேர் காட்டியிருந்தார்கள். சாருக்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. சார் கட்டுரையில் இதழின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பின்னால் வந்த அத்தனை பேரிடமும் அதே எழுத்து விட்டுப்போயிருந்தது.

"ஒருத்தனும் திறந்து பாக்கல" என்றான் முகிலன் மெதுவாக.

குமரவேல் சாரிடம் போய் அந்தக் கட்டுரையின் நகல் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. முடிச்சூர் வீட்டில் ஜெராக்ஸ் வைத்திருந்ததாகவும், பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டதாகவும் சொன்னார். வெள்ளம் வந்தது உண்மை. முடிச்சூரில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்ததும் உண்மை. அதனாலேயே ஜாஸ்மினால் அவரை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"எல்லாரும் காட்டுற ஆதாரம்தானேம்மா? நீங்களும் போட்டுட்டுப் போங்க" என்றவர், சற்றுப் பொறுத்துக் கேட்டார். "தேடச் சொன்னது யாரு? ஞானஜோதியா?"

"நானேதான் சார்."

'இந்தக் கட்டுரையை எங்கு தேடியும் காண முடியவில்லை. எனவே இதன் முடிவை நாங்கள் ஏற்கவில்லை' என்று ஜாஸ்மின் எழுதினாள். எங்கெங்கே தேடினார்கள் என்பதையும் கீழே போட்டாள். முகிலனுக்கு மனசில்லை. "இன்டர்னல் மார்க் அவர் கையில. பேசாம அந்த ஆதாரத்தையே தூக்கிடலாம்" என்றான். கடைசியில் சரி என்றான். பிரிண்ட் எடுத்து பைண்டு பண்ணும் பொறுப்பு அவனுடையது.

பிரிண்டுக்குக் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலம் சாரும் அவனும் மாடிப்படி ஓரம் நின்று பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "வண்டி எடுத்தியே, மைலேஜ் எவ்ளோன்னு கேட்டாரு" என்றான். கேட்கும்போதே பொய் என்று தெரிந்தது. வாக்கியத்தை எடுத்துவிடப் போகிறான். ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை அதே நினைப்பு.

வைவா அன்று மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டை அவள் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் புரட்டினாள். வாக்கியம் அப்படியே இருந்தது.

"எடுத்துடுன்னுதான் சொன்னாரு" என்றான் முகிலன் காதருகே. "உன்கிட்ட சொன்னா நான் ஒத்துக்கிட்டேன்னே நினைப்ப."

"சாரி" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுபத்ரா அந்தப் பக்கத்தில்தான் நின்றார். "எங்கெங்க தேடினீங்க? சொல்லுங்க" என்றார். ஜாஸ்மின் வரிசையாகச் சொன்னாள். 211ஆம் பக்கத்தில் இருந்ததையும் சொன்னாள். குமரவேல் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுபத்ரா அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்தார்.

"என் புத்தகத்திலயும் இதைப் போட்டிருக்கேன்" என்றார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வைவாவில் நல்ல மார்க் வந்தது. இன்டர்னலில் இருவருக்கும் குறைந்தது. அதற்குக் காரணம் இதுதான் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. ஞானஜோதி மட்டும், அடுத்த வருஷ வகுப்புக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சார் பேரைச் சொல்லாமல் சொல்லலாம் என்றாள் ஜாஸ்மின்.

புத்தக பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் கையெழுத்துக்காக லைப்ரரிக்குப் போன நாளில், கடைசியாக ஒரு தரம் மேல்மாடிக்கு ஏறினாள். பழைய இதழ்களின் அடுக்கருகே குமரவேல் சார் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலைந்து தொகுப்புகள் திறந்து கிடந்தன. விரலெல்லாம் தூசி.

"வருஷத்தைத் தப்பா குறிச்சிருப்பேனோன்னு பாக்கிறேம்மா" என்றார், அவள் எதுவும் கேட்காமலே.

உண்மையாகவே தேடுகிறாரா, அவள் காலடிச் சத்தம் கேட்டுச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அதிலும் தெரியவில்லை.

"தொண்ணூத்தொம்பதாம் வருஷம் அந்தக் கடைசித் தட்டுல இருக்கு சார்" என்று காட்டிவிட்டு, படியிறங்கினாள்.