மீன் ஐஸ்

என் கணவர் புகழ்வேந்தனுக்கும் மாமனார் சிங்காரவேலுவுக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்ப்பதுதான் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம். கரும்புக் கொல்லையை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்த மகனோடு மாமா பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்ட்டானான்னு கேளு" என்பார். அது காதில் விழுந்தாலும் நான் திரும்பச் சொல்லும்வரை இவர் வாயைத் திறக்க மாட்டார். வீம்பில் இரண்டு பேருக்கும் ஒரே அச்சு.

இந்தத் தடவை இவர் காஷ்மீரிலிருந்து ஊன்றுகோலோடு வந்தார். ராணுவப் பனிச்சறுக்கு அணியில் பயிற்சி எடுக்கும்போது விழுந்து, தொடையின் பின்பக்கத் தசை கிழிந்துவிட்டது. ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் மறுபடி வீங்கிக் கருநீலமாக இருந்தது. உருவக் கூடாது, சூடு காட்டக் கூடாது, உள்ளே திரும்பவும் ரத்தம் கட்டும், வீங்கினால் ஐஸ் வை என்று ராணுவ டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒழுங்காக ஆறினால் அணிக்குத் திரும்பலாம். இல்லையென்றால் பனிமலைப் பக்கம் இனி அனுப்ப மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அடிபட்ட காலைப் பார்க்க வருகிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போவதில்லை. கிருமாம்பாக்கத்துச் சொந்தமெல்லாம் தைலத்தோடு வந்தது. எல்லோருக்கும் காபி கொடுத்து, காலைத் தொட விடாமல் அனுப்பினேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும்.

மறுநாள் காலையில் மாமாவே வந்தார். கையில் காய்ச்சிய விளக்கெண்ணெய்க் கிண்ணம். கட்டிலில் உட்கார்ந்து, மகனுடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தார். கால் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், அப்பா கை படட்டும் என்று கெஞ்சுகிற பார்வை. எனக்கும் ஒரு சபலம் தட்டியது. கால் ஆறாவிட்டால் இவர் அந்த மலைக்குப் போக வேண்டாமே. அப்படி நினைத்ததற்கே என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

"தொடாதீங்க மாமா," என்றேன். "தேச்சா இவரால திரும்பிப் போவ முடியாது."

மாமா கிண்ணத்தைத் தரையில் வைத்தார். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து நீண்ட கையை நான் தட்டிவிட்டேனே என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

வெயில் ஏறிய பிறகு மாமா திரும்பி வந்தார். வண்டியில் சாக்கு சுற்றிய ஐஸ் பாளம். மணப்பட்டுக்குப் போய், மீன் ஏலம் விடுகிற இடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். வீடு முழுக்க மீன் வாடை. உடைத்துத் துண்டில் கட்டிக் கொடுத்தேன். மகனுடைய தொடைக்கு அடியில் மாமா அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

போதும், கொஞ்சம் விட்டு வைக்கலாம் என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. மடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா, அங்க எல்லா நாளும் இப்டித்தான் இருக்குமா?"

பழக்கதோஷத்தில், அதைத் திரும்பச் சொல்ல நான் வாயெடுத்தேன்.

"இருக்கும்பா," என்றார் இவர். சொல்லிக்கொண்டே அப்பாவின் கைகளைத் தன் கைகளுக்குள் இழுத்து வைத்து, சூடு வரும்வரை தேய்த்துவிட்டார்.