இருபத்திரண்டு என்று சொன்ன பதினாறு

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தபோதுதான் ஓடெல் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுப் பொடி தூவியதுபோல இரண்டே இரண்டு. துணியால் துடைத்தார். போகவில்லை. கரியாக இருந்தால் போயிருக்கும். இது பிஸ்டனின் அலுமினியம். உள்ளே பெட்ரோல் நேரத்துக்கு முந்தி வெடித்து, பிஸ்டனின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டிருக்கிறது.

வாரநாட்களில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற ஓடெல், சனிக்கிழமை வந்துவிட்டால் இந்தக் கொட்டகையைவிட்டு நகரமாட்டார். தென் கரோலினாவின் அந்தச் சதுப்புக் கரையில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் பந்தயப் பாதையில் ஓடுகிற டர்போ பைக்குகளில் பாதிக்குமேல் அவர் கைப்பட்டவை. டர்போ என்பது இன்ஜினின் வாயில் காற்றைத் திணிக்கிற விசிறி. எத்தனை பவுண்டு அழுத்தத்தில் திணிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைத்தால் தோற்போம், அவ்வளவுதான். கூட்டினால் பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து, இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அதோடு வருகிற எண்ணெய் நேராகப் பின் சக்கரத்துக்கு அடியில்தான் போய் விழும். அந்த வேகத்தில் எண்ணெய்மேல் போன ஒருவனை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

"எவ்வளவு வெச்சிருக்க மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் டாவாரிஸ். ஓடெலின் தங்கை ரெனெட்டாவின் கணவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பைக் அவனுடையது.

"பதினெட்டு."

"நாளைக்கு இருபத்திரண்டு வை."

ஓடெல் பிளக்கை நீட்டினார். "இதப் பாரு மாப்ள. பதினெட்டுக்கே பிஸ்டன் அழுவுது."

"அழுவட்டும். நாளைக்கு என்கூட ஓடப்போற டீக்கன், மீன் கடையில எல்லார் முன்னாடியும் என்ன சொன்னான் தெரியுமா? 'ஒன் வண்டிய ஒன் பொண்டாட்டிகிட்ட குடுத்துடு, சர்ச்சுக்குப் போயிட்டு வர நல்லாருக்கும்'னான்."

சர்ச் வாசலையே மிதிக்காத அந்த ஜார்ஜியாக்காரனுக்கு, சர்ச் ஊழியரைக் குறிக்கும் டீக்கன் என்ற பெயரை யார் வைத்தார்களோ. ஓடெலுக்குச் சிரிப்பு வந்தது. டாவாரிஸ் சிரிக்கவில்லை.

"ஒன்னால முடியலேன்னா சொல்லிடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான். கேட்ட நம்பர கேட்டபடி வெச்சுக் குடுப்பான்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் ரெனெட்டா வந்தாள். பொரித்த மீனும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் பைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவருக்குத் தெரியாம கொறச்சு வெச்சுடேன்."

"வண்டில உக்கார்றவன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல ரெனெட்டா."

"எங்கிட்ட மட்டும் சொல்லலாமா? 'ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்'னு போன வருஷம் சொன்னியே, அது என்ன?"

மீன் ஆறிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகும் அவருடைய மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. முடியாது என்றால் அவன் ஆற்றைத் தாண்டிப் போவான். சரி என்றால் பிஸ்டன் போகும். இரண்டு பக்கமும் அதே எண்ணெய்தான் தெரிந்தது. கடைசியில் மடிக்கணினியை வண்டியோடு இணைத்தார். உச்ச அழுத்தத்தைப் பதினாறாகக் குறைத்தார். ஆனால் முதல் கியரிலேயே காற்று சீக்கிரமாகவும் சீராகவும் ஏறும்படி மாற்றி எழுதினார். புறப்படும்போது முதுகில் யாரோ எட்டி உதைத்ததுபோல இருக்கும். அதற்குமேல் அவனுக்குச் சந்தேகம் வராது.

மறுநாள் பாதை ஓரத்தில் டாவாரிஸ் ஹெல்மெட்டை மாட்டும்போது கேட்டான், "வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. இருபத்திரண்டு."

சொல்லும்போது நாக்கு தடுமாறவே இல்லை. அதுதான் ஓடெலுக்கே திகைப்பாக இருந்தது.

அந்த ஊர்ப் பந்தயங்களில் நேரம் காட்டும் பலகையை அணைத்துவிடுவார்கள். யார் முந்தினார்கள் என்பது மட்டும்தான் கணக்கு. டாவாரிஸ் ஒரு முழு வண்டி நீளம் முந்தினான். கூட்டம் பாதைக்குள் ஓடியது. யாரோ டீக்கனின் தலையில் வேகவைத்த நிலக்கடலையைக் கொட்டினார்கள். டாவாரிஸ் ஓடெலைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். தூரத்தில் நின்ற ரெனெட்டா அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நல்லபடியாக முடிந்தது என்றுதான் ஓடெலும் நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, அதே பாதையில், டெல்லா தன் பைக்கைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். டாவாரிஸின் சித்தப்பா மகள். அவள் இன்ஜினையும் டாவாரிஸின் இன்ஜினையும் ஓடெல் ஒரே குளிர்காலத்தில் கட்டினார். அதே பிஸ்டன், அதே ராடு. கட்டிக் கொடுத்ததோடு சரி, அழுத்தம் வைப்பதை அவள் யாருக்கும் விடமாட்டாள். பக்கத்தில் டாவாரிஸ் அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் வண்டியையும் ஒரு ஓட்டம் விட்டுப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்தான்.

"எவ்வளவு வெச்சிருக்க டெல்லா?" என்று சும்மாதான் கேட்டார் ஓடெல்.

"நம்பர் கேக்குற ஆளா அண்ணே நீ?" என்று சிரித்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள். "இவன் சொன்னான். இருபத்திரண்ட அசால்ட்டா தாங்குதாமே? நானும் வெச்சிட்டேன்."

ஊரெல்லாம் நம்பரைப் பற்றிப் பொய் சொல்கிற இடம் அது. அந்தப் பொய்களை யாரும் நம்பாததால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அவர் சொன்ன பொய்யை மட்டும், அவர் சொன்னார் என்பதற்காகவே, இருவர் அப்படியே நம்பிவிட்டார்கள். இன்னொரு பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெட்ரோல் சரியில்லை, புழுக்கம் அதிகம், எதையாவது. ஆனால் டெல்லா கேள்வி கேட்கிறவள். அவளோடு ஓடவிருந்தவன் ஏற்கெனவே புறப்படும் கோட்டை நோக்கித் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இன்ஜின அணை."

"என்னண்ணே?"

"அணைன்னு சொல்றேன்ல. அவன் ஓட்டுனது இருபத்திரண்டு இல்ல. பதினாறு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

இன்ஜின் நின்றதும் மற்ற சத்தங்கள் எல்லாம் பெரிதாகக் கேட்டன. டாவாரிஸ் வண்டியிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப டீக்கன நான் அடிச்சது?"

"பதினாறுல."

அவன் கத்துவான் என்று ஓடெல் எதிர்பார்த்தார். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "மூணாவது கியர்ல ஹேண்டில இறுக்கிப் புடிச்சேன் மச்சான். இப்ப வரும், இப்ப வரும்னு. பெருசா ஒண்ணும் வரல. எனக்குப் பயம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா அத நெனச்சு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

"மாப்ள..."

"ரெனெட்டா சொன்னாளா?"

"வெச்சது நான்."

"நான் அதக் கேக்கல."

ஓடெல் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதிலாகிவிட்டது. டாவாரிஸ் திரும்பித் தன் பைக் நின்ற பக்கம் நடந்தான்.

டெல்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப சொல்ற பதினாறாவது நெசமா?"

ஓடெல் மடிக்கணினியைத் திறந்து, டீக்கனோடு ஓடிய அன்றைய ஓட்டத்தில் பதிவான அழுத்தக் கோட்டை அவளிடமே காட்டினார். அது பதினாறைத் தொட்டுவிட்டு அப்படியே படுத்திருந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் வண்டிக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள்.

"நான் பதினஞ்சு வெச்சுக்கறேன். ஒன் பேச்சுக்கு ஒண்ணு கழிச்சாச்சு."

அதில் கோபம் இருந்ததா கேலி இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் டாவாரிஸ், ஒரு ஓட்டம்கூட விடாத தன் பைக்கை இழுவண்டியில் ஏற்ற முயன்றுகொண்டிருந்தான். பலகைச் சரிவில் பாதி ஏறும், மறுபடி இறங்கும். தனியாள் ஏற்றுகிற எடை இல்லை அது. ஓடெல் கொஞ்சம் தள்ளியே நின்றார். டாவாரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. ஆனால் மூன்றாவது முறை பலகையின் அடியில் வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தள்ளாமல் நின்றான்.

ஓடெல் போய்ப் பின்னால் கை கொடுத்தார்.

பலகையின் நடுவே வந்தபோது, பைன் மரங்களுக்கு அப்பால் டெல்லாவின் இன்ஜின் சீறிக் கிளம்பியது. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பைக்கின் முழு எடையும் அவர்கள் நான்கு கைகளில் இருந்தது. ஒரு கியர், அடுத்த கியர், அதற்கடுத்தது. சத்தம் எந்த இடத்திலாவது உடைகிறதா என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.